ரங்கநாதர் ரொட்டி சாப்பிடுகிறார்

"தம்பி, ஒளிவுமறைவு இல்லாம விமர்சனம் எழுதணும்" என்று சொல்லி, ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் போன மாதம் என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். இந்த வாசகத்தை நம்பி எழுதி, நட்பை இழந்தவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தால் நான்தான் பொருளாளர்.

பெரியவர் ரிட்டயர்டு வங்கி அதிகாரி. உத்தர வீதியில் வீடு. பையனுக்கு கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை. பேரன் பிறந்தபோது ஒரு தடவை, அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது ஒரு தடவை என்று ஆறாறு மாதம் போய் இருந்துவிட்டு வந்தார். இரண்டாவது தடவை வந்ததும் புத்தகம் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, கொலுவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். சுண்டலுக்கு வந்தவர்கள் தப்பிக்க முடியவில்லை.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. பி.காம்., அதுவும் திருச்சியிலேயே. எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் மனசு நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று ஆரம்பித்துவிடும். இதற்கும் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 112 பக்கம். விமானப் பயணம் 14 பக்கம் (அதில் மூன்று பக்கம் பெட்டியின் எடை). லிவர்மோர் கோயிலும் அங்கே கிடைத்த பிரசாதமும் 9. இந்தியன் ஸ்டோரில் என்னென்ன கிடைக்கும் 6. மாமி வைத்த வத்தக்குழம்பைப் பையனுடைய ஆபீஸ் வெள்ளைக்காரர் ரசித்துச் சாப்பிட்டது 4. கோல்டன் கேட் பாலம் ஒன்றரைப் பக்கம். அதிலும் முதல் பாராவிலேயே நம்ம காவிரிப் பாலம் ஞாபகம் வந்துவிட, மிச்சமெல்லாம் மாம்பழச் சாலை டிராஃபிக். அந்த ஊர்க்காரன் என்ன சாப்பிடுகிறான் என்பதற்கு ஒரே ஒரு வரி. எல்லாரும் பீட்ஸா, பர்கர் சாப்பிடுகிறார்களாம்.

ஒரு வருஷம் அந்த ஊரில் இருந்த மனிதர்!

சிரிக்காதீர்கள். உங்கள் சித்தப்பாவோ பெரியப்பாவோ இப்படி ஒன்று எழுதி அலமாரியில் வைத்திருப்பார். ஸ்ரீரங்கத்தில் நான்கு அபார்ட்மெண்ட்டில் காலிங் பெல் அடித்தால் இரண்டு அமெரிக்கா புத்தகம், ஒரு ஆஸ்திரேலியா கையெழுத்துப் பிரதி நிச்சயம். எல்லாவற்றிலும் அதே கணக்குதான். போன ஊரைவிட, கூடவே போன ஊறுகாய்க்கு இடம் அதிகம்.

இதற்கு வேர் நம் வாரப் பத்திரிகையிலேயே இருக்கிறது. மணியன் ஆனந்த விகடனில் எழுதிய பயணத் தொடர்களைப் படித்து வளர்ந்த தலைமுறை இது. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அவருக்கு ஒரு தமிழர் வீட்டில் வத்தக்குழம்பு கிடைத்துவிடும் என்று அப்போதே கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். இப்போது யோசித்தால், கொஞ்சம் அநியாயம் என்று படுகிறது. அவர் எழுதிய காலத்தில், படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மீனம்பாக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களுக்கு இருந்த முதல் பயமே 'அங்கே போனா சாப்பாட்டுக்கு என்ன பண்றது?' என்பதுதான். பயப்படாதே, நம்ம ஆள் அங்கேயும் ஒருத்தன் இருக்கிறான், அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று மணியன் தைரியம் சொன்னார். அன்றைக்கு அது ஒரு சேவை. நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கான்டீனில் தோசை வாங்க வரிசையில் நிற்கிற காலத்திலும் அதே தைரியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால்?

சாவி இதை 1960-களிலேயே பிடித்துவிட்டார். 'வாஷிங்டனில் திருமணம்' படித்திருப்பீர்கள். அப்பளம் இடுகிற பாட்டிகள் முதற்கொண்டு தஞ்சாவூர் ஜில்லாவையே பிளேனில் ஏற்றி அமெரிக்காவில் இறக்குவார். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு, ஆளுக்கு இரண்டு பெட்டியில் நிஜமாகவே அதைச் செய்ய ஆரம்பித்தோம்.

இதில் எனக்குள்ள ஆச்சரியம் வேறு. இந்தப் புத்தகங்களெல்லாம் ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதப்படுகின்றன. இங்கே பெருமாளே வெளியூர் போய்த் தங்கி, அந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகிக்கொண்டு வந்தவர் ஆயிற்றே!

துலுக்க நாச்சியார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கோயிலொழுகு சொல்கிற கதை இது. படையெடுப்பில் உற்சவர் டில்லிக்குப் போய்விடுகிறார். சுல்தானின் மகள் அவரை விளையாட்டுப் பொம்மையாக வைத்துக்கொண்டு, பிரிய மனசில்லாத அளவுக்குப் பிரியமாகிவிடுகிறாள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் டில்லி போய் ஆடிப் பாடி சுல்தானை மகிழ்வித்து, பெருமாளை மீட்டு வருகிறார்கள். அவள் பின்னாலேயே வந்து அவரோடு ஐக்கியமாகிவிடுகிறாள். அர்ஜுன மண்டபம் பக்கத்தில் அவளுக்குச் சன்னிதி உண்டு. சிலை கிடையாது, சித்திரம்தான். அவளுக்காக ரங்கநாதருக்கு இன்றைக்கும் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். கைலியும் கட்டி விடுகிறார்கள். சரித்திரம் எவ்வளவு, கதை எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடட்டும். எனக்கு அந்த ரொட்டி போதும். டில்லியில் இருந்தபோதும் எனக்குப் புளியோதரைதான் கிடைத்தது என்று பெருமாள் பெருமை அடித்துக்கொள்ளவில்லை.

மடைப்பள்ளி என்றதும் இன்னொன்று. பழைய வழக்கம் மாறாத கோயில்களில் காரத்துக்கு மிளகுதான், மிளகாய் கிடையாது. சிராத்தச் சமையலிலும் அப்படியே. காரணம் சுலபம். மிளகாய் நம்ம ஊர்க்காரன் இல்லை. மெக்ஸிகோ பக்கத்திலிருந்து கிளம்பி, போர்ச்சுக்கீசியர் கப்பலில் 16-ஆம் நூற்றாண்டில் வந்து இறங்கியவன். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே அமெரிக்கக் கண்டத்து ஆசாமிகள். காப்பி நமக்கு எவ்வளவு புதுசு என்பதற்கு ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று புத்தகமே எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் 'நம்ம சாப்பாடு' தேடி அலைகிற மாமா கையிலிருக்கிற தக்காளித் தொக்கு பாட்டில், தாய்வீட்டுக்குத்தான் திரும்பப் போகிறது. கஸ்டம்ஸ்காரனுக்கு அது தெரியாது.

விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் உயிரே ஊசலாடியதும் உண்டு. காவிரி வழியே கொஞ்சம் கிழக்கே போனால் கும்பகோணம். அங்கே வளர்ந்த ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சைவத்தை நம்ப முடியாது என்று தன் அறையிலேயே பொங்கிச் சாப்பிட்டார். சில மாதங்களில் யுத்தம் வந்துவிட்டது. காய்கறி கிடைப்பது கஷ்டம். கணக்கில் மூழ்கினால் சமைக்கவும் மறந்துபோகும். 1917-ல் படுத்தவர்தான், சானடோரியம் சானடோரியமாக மாறி, 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் போய்விட்டார். சாப்பாடுதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. காசம் என்று அன்றைய டாக்டர்கள் சொன்னார்கள். குடலில் வந்த அமீபா கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்று 1994-ல் ஒரு ஆங்கிலேய டாக்டர் எழுதினார். ஆனாலும், ஏற்கெனவே நோயாளியான ஒருவர் அந்நிய ஊரில் ஒழுங்கான சாப்பாடு இல்லாமல் கிடந்தார் என்பதில் சந்தேகமில்லை.

அவர் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. நண்பர்களை அறைக்குக் கூப்பிட்டு ரசம் பரிமாறுகிறார். விருந்தாளிப் பெண்கள் இரண்டு தடவை வாங்கிக்கொண்டு, மூன்றாவது தடவை போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம். அவமானம் தாங்காமல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலேறிவிட்டார்! ரசம் வேண்டாம் என்றது, அவருக்குத் தன்னையே வேண்டாம் என்றதுபோல் ஆகிவிட்டது. அமெரிக்கக் கல்யாணங்களில் 'எங்க சாம்பார் பிடிச்சிருக்கா?' என்று வெள்ளைக்காரரைத் துளைத்தெடுக்கிற மாமாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரசம்தான் ஞாபகம் வரும்.

விரதத்தை விட்டால்தான் ஊரைப் பார்க்க முடியும் என்று நான் வாதாடுவதாக நினைக்காதீர்கள். காந்தி 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போனவர். மாமிசம் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம். பசியோடு தினமும் பத்து, பன்னிரண்டு மைல் தெருத்தெருவாக நடந்து சைவ ஹோட்டல் தேடினார். கடைசியில் ஃபேரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தத் தேடலில் லண்டனே அவருக்குப் பாடமாகிவிட்டது. அங்கிருந்த சைவ உணவுச் சங்கத்து வெள்ளைக்காரர்கள் சிநேகிதம் ஆனார்கள். அவருக்கு அந்தக் கட்டுப்பாடே ஊருக்குள் போகிற வாசலாகிவிட்டது. நம் பயண எழுத்தாளர்கள் அதே கட்டுப்பாட்டைக் கதவாகச் சாத்திக்கொள்கிறார்கள்.

அதே காந்தி, அதே லண்டன், 1909. இப்போது கதைக்குள் ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர் வருகிறார். டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். பின்னாளில் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரியாக இருந்தவர். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான் கிளம்பியது. 1907-ல் லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனார். வரகனேரி வ.வே.சு. ஐயரும் அங்கே இருந்தார். அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் ஒரு தசரா விருந்து ஏற்பாடு செய்தார்கள். சிறப்பு விருந்தாளி காந்தி. சைவச் சாப்பாடு, மது கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ராஜனும் சில இளைஞர்களும் சமையல். மத்தியானம் ஒல்லியாக ஒருத்தர் உள்ளே வந்தார். பாத்திரம் கழுவினார், காய் நறுக்கினார். ஏதோ உதவிக்கு வந்த ஆள் என்று இவர்களும் வேலை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஐயர் வந்து பார்த்துத் திடுக்கிட்ட பிறகுதான், பாத்திரம் தேய்த்தவர்தான் அன்றைக்குத் தலைவர் என்று தெரிந்தது.

ராஜன் பிற்பாடு சொன்ன சம்பவம் இது. அந்தச் சமையலறையில் கொதித்ததும் நம்ம சாப்பாடுதான். ஆனால் சமைத்தது யார், யார் யாரை ஏமாந்து வேலை வாங்கினார்கள், கடைசியில் யார் முகம் எப்படி மாறியது என்று மனிதர்கள் அதில் நடமாடுகிறார்கள். வத்தக்குழம்பைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம், தப்பில்லை. அதைக் கிண்டிய கரண்டிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிய வேண்டும்.

ஏ.கே.செட்டியாரிடம் இது இருந்தது. காந்தி படத்துக்காக உலகத்தைச் சுற்றிய கோட்டையூர்க்காரர். சின்னச் சின்ன வாக்கியம், 'நான்' அபூர்வம். எதிரே இருப்பவன் என்ன பேசினான் என்பதற்குத்தான் இடம். அ.முத்துலிங்கம் ஆப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் வேலை பார்த்துவிட்டு, இப்போது கனடாவில் இருந்துகொண்டு எழுதுகிறார். அந்நிய ஊரில் ஆள் அசடாவது எப்படி என்பதை அவரைப்போல் சந்தோஷமாக எழுத ஆள் கிடையாது. தி.ஜானகிராமன் ஜப்பானைப் பற்றி எழுதிய 'உதயசூரிய'னையும் தேடிப் படியுங்கள்.

நம்ம பெரியவருக்கு இவர்கள் அளவுக்கு எழுத வராது, சரி. ஆனால் எழுத்துப் பயிற்சியே இல்லாத ஒருத்தரிடம் இதைவிட நல்ல பயணக் கட்டுரை ஒன்று கேட்டேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்.

திருச்சி ஏர்போர்ட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக வந்துபோகிற விமான நிலையம் அது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா. அதில் போகிறவர்கள் பெரும்பாலும் பேரனைப் பார்க்கப் போகிறவர்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள். மத்திய பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளைஞர் துவரங்குறிச்சிப் பக்கம். ஆறு வருஷமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. லீவு முடிந்து மறுநாள் ராத்திரி ஃபிளைட். அதற்குள் ரங்கநாதரைப் பார்த்துவிட வேண்டும். அங்கே சாப்பாடெல்லாம் எப்படி என்று சும்மாதான் கேட்டேன்.

"கேட்டரிங் சார். விடிகாலையிலேயே பொட்டலம் வந்துரும். மத்தியானம் பிரிச்சா சாம்பார் புளிச்சுப் போயிருக்கும். அதைச் சொல்லி என்ன ஆவப்போவுது... ஞாயித்துக்கிழமை நல்லாருக்கும் சார். எம்ஆர்டி ரயில்ல ஏறி, வாரம் ஒரு ஸ்டேஷன்ல இறங்குவேன். எந்த ஊர்னு தெரியாது. இறங்கி, நடந்து, அந்த ஏரியாவுல ஜனங்க எதை வரிசைல நின்னு வாங்குறாங்களோ அதை நானும் வாங்குவேன். பாசிர் ரிஸ்னு கடைசி ஸ்டேஷன், அங்க கடல் இருக்கு. மலாய்க்கார அம்மா ஒண்ணு நாசி லெமாக் விக்கும். தேங்காப்பால்ல வேகவெச்ச சோறு, பொரிச்ச நெத்திலி, இனிப்பும் காரமுமா ஒரு சம்பல். எங்க அப்பத்தா கருவாட்டை வறுக்கிற வாசனை வரும் சார், அப்படியே நின்னுட்டேன்."

டுரியான் பழம் சாப்பிட்டீர்களா என்றேன்.

"மொத தடவை மூக்கைப் பொத்திக்கிட்டு. பலாச்சுளைக்குள்ள வெங்காயத்தை வதக்கி வெச்ச மாதிரி. ரெண்டாந்தடவை ஃபிரெண்டு வாங்கிக் குடுத்தான். மூணாந்தடவை நானே காசு குடுத்து வாங்கினேன்."

மூன்று தடவை. நாலு வாக்கியம். ஒரு ஊர் ஒரு ஆளுக்குப் பழகிப்போவதை இதைவிடச் சிக்கனமாக எந்த எழுத்தாளர் சொல்லிவிடுவார்? இதையெல்லாம் எழுதுங்களேன் என்றேன். "இதுல எழுதறதுக்கு என்ன சார் இருக்கு" என்று சிரித்துவிட்டு, ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு இதுதான் ஆற்றாமை. வாரத்துக்கு ஒரு நாள் லீவில், புளித்த சாம்பாருக்கு நடுவில், ஊரை ருசித்தவனிடம் புத்தகம் இல்லை. ஒரு வருஷம் சும்மா இருந்தவரிடம் 112 பக்கம் இருக்கிறது, ருசி இல்லை.

இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். மாமி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார், அங்கே ஒரு வருஷத்துல ஒரு தடவைகூட வெளியே சாப்பிடலையா?" என்று கேட்டேன்.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒரு தடவை... என்ன ஒரு தடவை, வாராவாரம்னே வெச்சுக்கோங்கோ. பேரனை ஸ்கூல்லேர்ந்து அழைச்சுண்டு வர வழில ஒரு மெக்ஸிகோக்காராளோட கடை. கோதுமை ரொட்டி, தாம்பாளம் மாதிரி பெரிசு. அதுக்குள்ள சாதம், கறுப்பா பீன்ஸ், தக்காளியும் பச்ச மிளகாயும் பொடிப்பொடியா நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சுருட்டிக் குடுப்பா. ரொட்டில பன்னிக் கொழுப்பு உண்டானு பையனை விட்டுக் கேட்டு கன்ஃபர்ம் பண்ணிண்டுதான் சாப்ட்டேன். வெங்காயம் இருந்தது, அது வாஸ்தவம். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நேக்கு ஸ்பானிஷ் வராது. என்னைப் பார்த்தா மிளகாய் மட்டும் ரெண்டு கூடப் போடுவா. கிளம்பற அன்னிக்கு சொல்லிக்கப் போனேன். காசு வாங்கிக்கலை, தம்பி."

கண் கலங்கியிருந்தது. மிளகாய் காரணமில்லை.

"இதை ஏன் சார் புத்தகத்துல எழுதலை?"

"நன்னாருக்கே! உத்தர வீதி பூரா படிக்கிறது. நாளைக்கு ஒருத்தன் ஆத்து சிராத்தத்துக்கு என்னைக் கூப்பிடுவானா?"

கடல் தாண்டியவனைச் சாதியை விட்டு விலக்கிய காலம் ஒன்று இருந்தது. காந்தியையே விலக்கினார்கள். இப்போது யாரும் விலக்குவதில்லை, ஏர்போர்ட்டுக்கு வந்து மாலை போடுகிறார்கள். இருந்தும், எழுதுகிறவன் தோளுக்குப் பின்னால் உத்தர வீதி இன்னும் நின்று எட்டிப் பார்க்கிறது. இந்தப் புத்தகங்களின் கோளாறு, எழுதத் தெரியாததால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்குமேல் பயத்தால் வந்தது போலிருக்கிறது. கணக்குப் பதிவியலில், இரண்டு பக்கமும் டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம், பிறகு தேடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று. பெரியவருடைய மொத்த அமெரிக்காவும் அந்த அக்கவுண்ட்டில்தான் கிடக்கிறது.

அதைச் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவர், புரிந்துகொண்டார். அந்த அம்மா கூடப் போட்ட மிளகாய் அவள் ஊர்க்காரன்தான் என்றும், பெருமாள் அமுது செய்கிற ரொட்டியைப் பற்றியும் சொன்னேன். "அது எங்களுக்கே தெரியும்யா" என்றார். ஆனால் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேர் போடாம எழுதிக்கோங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நேற்று போன் வந்தது. பையனிடம் கேட்டு அந்தக் கடையின் பெயரை வாங்கி வைத்திருக்கிறாராம். இரண்டாம் பதிப்புக்கு ஒரு அத்தியாயம் எழுத ஆரம்பித்து, ஆறு பக்கம் ஆகிவிட்டதாம்.

"ஒரு சந்தேகம் தம்பி. அந்த வெங்காயத்தை மட்டும் விட்டுடலாமா?"